காதுக்கு ஒரு பிரசங்கம், கண்ணுக்கு ஒரு பிரசங்கம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆரணி நகரிலே தேவாலய மணி ஒலிக்கிறது. கமண்டல நாகநதிக் கரையிலே, தறியோடு பிறந்து தறியோடு வளர்ந்த ஊர் அது. பட்டுக்குப் பேர்பெற்ற அந்த ஊரின் காதுக்குத் தறியின் ஓசையும் புதிதல்ல, மணியின் ஓசையும் புதிதல்ல. சபையார் கூடுகின்றனர். பாட்டு எழுகிறது, செபம் நடக்கிறது, வேதம் வாசிக்கப்படுகிறது. பிறகு ஒருவர் எழுந்து நின்று பேசத் தொடங்குகிறார். அவர் பேச, மற்றவர் அனைவரும் அமர்ந்து கேட்கின்றனர்.

பேச்சு முடிகிறது. சபை கலைகிறது. மறுநாள் திங்கட்கிழமை. கேட்டவர்களிலே தறிக்குப் போகிறவர் தறிக்கும், வயலுக்குப் போகிறவர் வயலுக்கும், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர் அவ்விடங்களுக்கும் போய்விடுகின்றனர். ஞாயிறன்று காதிலே விழுந்த சொல், திங்களன்று எங்கே இருக்கிறது? கையிலே இருக்கிறதா? காதிலேயே தங்கிவிட்டதா? அல்லது கோயில் வாயிற்படியிலேயே கழன்று விழுந்துவிட்டதா?

இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

பகுத்தறிவு பேசுகின்ற நமக்குப் பாதிரியாரின் பிரசங்கத்திலே என்ன அக்கறை என்று நம் இளைஞர்களில் சிலர் கேட்கக்கூடும். அக்கறை உண்டு. சொல்லைக் கொண்டு சமுதாயத்தை மாற்றிவிடலாம் என்று நம்பியவர்கள் நாம் மட்டுமல்ல. நமக்கு முன்பே, இதே தமிழ் மண்ணிலே, இதே தமிழ் மொழியிலே, அந்த நம்பிக்கையோடு தெருமுனையில் நின்றவர்கள் உண்டு. அவர்கள் வென்ற இடமும் நமக்குப் பாடம். வழுக்கி விழுந்த இடமும் நமக்குப் பாடம். கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இன்றைக்கு ஒத்திவைப்போம். அந்த வழக்கிலே நம் தீர்ப்பு என்ன என்பதை ஊரறியும். இன்றைய வழக்கு வேறு: ஒரு சொல் எப்போது உண்மையாகிறது? சொன்னவுடனேயா, செய்தபிறகா?

ஆரணியிலிருந்தே தொடங்குவோம். ஜான் ஸ்கட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1819ஆம் ஆண்டு தாயகம் விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்திலே பல்லாண்டு பணியாற்றி, 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853ஆம் ஆண்டிலே ஆர்க்காட் மிஷனை அமைத்தனர். வேலூர், சித்தூர், ஆரணி ஆகியவை அந்த மிஷனின் தொடக்ககால நிலையங்கள். பின்னாளில் கைத்தொழிற் பள்ளி நடத்தப்பட்ட இடமாகவும் ஆரணி விளங்கிற்று.

அந்த மிஷனின் தொடக்கக் கொள்கை வியப்புக்குரியது. மற்ற மிஷன்கள் ஆங்கிலப் பள்ளி திறந்து, அந்தப் பள்ளியின் வழியாக மேல்சாதிப் பிள்ளைகளைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆர்க்காட் மிஷனை நிறுவியவர்களோ, 'பள்ளி பிறகு, பிரசங்கமே முதல், அதுவும் மக்கள் பேசும் மொழியிலே' என்று உறுதி பூண்டனர். ஊர் ஊராகச் செல்வது, சந்தையிலும் சாவடியிலும் நின்று தமிழிலும் தெலுங்கிலும் பேசுவது, துண்டு ஏடுகளைக் கொடுப்பது, இதுவே தலையாய வேலை என்று கொண்டனர். காலப்போக்கில் அந்தக் கொள்கை தளர்ந்தது, பள்ளிகள் எழுந்தன, 1898இல் வேலூரில் ஊரீசுக் கல்லூரியும் எழுந்தது. எனினும் தொடக்கத்திலே அவர்கள் நம்பியது ஒன்றைத்தான்: சொல்!

அந்தச் சொல்லிலே புதுமை என்ன? எண்ணிப் பாருங்கள். நம் நாட்டிலே அதற்கு முன்பு சமயப் பேச்சே இல்லையா? இருந்தது. கோயிலிலே மந்திரம் இருந்தது. ஆனால் அது மனிதனை நோக்கிச் சொல்லப்பட்டதன்று, புரிய வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கில்லை. மண்டபத்திலே புராணப் படிப்பு இருந்தது. ஆனால் மண்டபத்திலே யார் அமரலாம், யார் தெருவிலே நிற்க வேண்டும், யார் அந்தத் தெருவுக்கே வரக்கூடாது என்பதைப் புராணம் பிரிப்பதற்கு முன்பே சாதி முடிவு செய்துவிட்டிருந்தது. பிரசங்கியோ தெருவிலே நின்றார். வந்தவனை 'நீ யார்?' என்று கேட்கவில்லை. 'நீ கேள்' என்றார். கேட்பவனுக்குப் புரிகின்ற மொழியிலே, அவனையே முன்னிலைப்படுத்தி, 'உன்னைத்தான் சொல்கிறேன், நீ முடிவு செய்' என்றார். முடிவு செய்யும் உரிமை உனக்கு உண்டு என்று ஒரு குடியானவனைப் பார்த்து, ஒரு சேரிவாழ் தோழனைப் பார்த்துச் சொல்வது சாதாரணச் செய்தியா? எந்த மதத்தின் பெயரால் சொன்னாலும், அந்த ஒரு சொல்லுக்குள்ளே வெடிமருந்து இருந்தது.

அந்தப் பிரசங்கத்தைச் சுற்றித்தான் சபையின் வாழ்வே நெய்யப்பட்டது. ஏழு நாளுக்கு ஒருநாள் ஓய்வு, அந்த ஓய்வு நாளிலே கூட்டம், கூட்டத்தின் நடுவிலே பேச்சு. பேச்சுக்கு ஆதாரம் ஒரு புத்தகம்; ஆகவே புத்தகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்; ஆகவே கோயிலுக்குப் பக்கத்திலே பள்ளிக்கூடம். ஊருக்கு ஓர் உபதேசியார்: ஞாயிறன்று பிரசங்கி, மற்ற நாளில் வாத்தியார், கடிதம் எழுதித் தருபவர், மனு எழுதித் தருபவர். ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள்ளே சென்று படித்துக்காட்டிய பைபிள் பெண்கள், எழுத்தறியாத தாய்மார்களுக்கு எழுத்தையும் காட்டினர். பேச்சு பள்ளியாயிற்று, பள்ளி வேலையாயிற்று, வேலை மானமாயிற்று. சேரியிலே பிறந்த சிறுவன் ஏடு எடுத்துப் படித்தான், சட்டை அணிந்தான், நிமிர்ந்து நடந்தான். இதை மறைக்க நமக்கு எந்தத் தேவையும் இல்லை. உண்மையை ஒப்புக்கொள்வதால் பகுத்தறிவு ஒருநாளும் இளைப்பதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரசங்கத்தின் ஆற்றலை முதலிலே கண்டுகொண்டவர்கள் அதனை எதிர்த்தவர்களே! யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், வெசுலியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். கிறித்தவப் பிரசங்கம் எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே, சைவத்தைக் காக்க அவர் தொடங்கியது என்ன? பிரசங்கம்! வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தது எது? பிரசங்கம்! எதிரியின் படைக்கலத்தைக் கையிலெடுத்தே எதிரியை எதிர்த்தார். தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், 2021இல் வெளிவந்த தம் நூலிலே இந்த வழியைத்தான் தொடர்ந்து காட்டுகிறார்: கிறித்தவப் பிரசங்கம், அதன்பின் சைவப் பிரசங்கம், அதன்பின் சுதேசி இயக்கத்தின் கடற்கரைக் கூட்டம், அதன்பின் தமிழ்நாட்டின் அரசியல் மேடை. ஆம் தோழர்களே! சாதி கேளாமல் கூடி, ஒருவர் பேசப் பலர் கேட்கும் அந்த மாலைநேரப் பொதுக்கூட்டத்துக்கு, நம் மேடைக்கு, ஒரு பாட்டனார் உண்டு. அந்தப் பாட்டனார் அங்கி அணிந்திருந்தார்.

பாட்டனாரின் சொத்துக்கு உரிமை கோருகிறவன், பாட்டனாரின் கடனையும் கணக்குப் பார்க்க வேண்டுமல்லவா? அந்தக் கடன் என்ன?

1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியிலே வந்திறங்கினார், தமிழ் கற்றார், தமிழிலே பிரசங்கித்தார், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழிலே அச்சிட்டு வெளியிட்டார். கடவுள் முன்னே அனைவரும் ஒருவரே என்று காதுக்கு இனிய பிரசங்கம் நடந்தது. ஆனால் கோயிலுக்குள்ளே பார்த்தால், சாதியார் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டோர் மறுபக்கம், இடையிலே வெளி. வாய் ஒன்று பேசிற்று. இருக்கை வேறொன்று பேசிற்று. காதுக்கு ஒரு பிரசங்கம். கண்ணுக்கு ஒரு பிரசங்கம்!

அந்நாளிலே இராசநாயக்கன் என்றொரு தமிழர் இருந்தார். பறையர் குலத்திலே பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையிலே பணியாற்றியவர். அச்சான தமிழ் வேதநூலைப் படித்து, அந்தப் படிப்பின் வழியே அந்நெறிக்கு வந்தவர். உபதேசியாராகித் தஞ்சைச் சீமையிலே அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அவர் சொல்லைக் கேட்டுச் சபைக்கு வந்தவர்கள் பலர். சரி, அத்தகையவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்களா? இல்லை. 1733இல் முதல் தமிழ்க் குருவாக அபிடேகம் பெற்றவர் ஆரோன், வேளாளர். பின்னர் இராசநாயக்கன் பெயர் எண்ணிப் பார்க்கப்பட்டபோதும், அவர் கையிலிருந்து திருவிருந்தின் அப்பத்தைச் சாதிக் கிறித்தவர் வாங்கமாட்டார்களே என்ற அச்சம் குறுக்கே நின்றது. கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

இதை நிறுத்தி நிதானமாக எண்ணிப் பாருங்கள். நற்செய்தியை அவர் வாயிலிருந்து கேட்கலாம். அப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கக்கூடாது! வாய்க்கு விடுதலை, கைக்கு விலங்கு! சொல்லுக்குத் தீட்டில்லை; சோற்றுக்குத் தீட்டு! ஏன்? கேட்பதற்கு யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. காது கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடியே இருந்துவிடலாம். கை நீட்டி வாங்குவதென்றால், வாங்குகிறவன் தன் சாதியை அந்த இடத்திலேயே கீழே போட்டாக வேண்டும். ஆகவேதான் சாதி, பிரசங்கத்தைக் கண்டு அஞ்சவில்லை; பந்தியைக் கண்டு அஞ்சிற்று. பேசுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள் என்றது, பரிமாறாதீர்கள் என்றது.

இந்த ஏற்பாட்டுக்கும் வாதம் பேசியோர் உண்டு. அந்த வாதத்தை அதன் முழு வலிவோடு எடுத்து வைப்போம். மாற்றார் வாதத்தை மெலிய வைத்து அடிப்பது வீரமாகாது. அவர்கள் சொன்னது இது: "பழக்கம் பல நூற்றாண்டு வேர்விட்டது. ஒரே நாளில் பிடுங்கினால் மரமே சாய்ந்துவிடும். முதலிலே சொல் உள்ளே போகட்டும். சொல் உள்ளத்தைத் திருத்தும். உள்ளம் திருந்தினால் பழக்கம் தானே உதிரும். பந்தியை முதலிலே கேட்டால், பிரசங்கம் கேட்கவே ஆள் வராது. அப்போது யாரைத் திருத்துவீர்கள்?"

இது கயவர் வாதமன்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, சாதி ஒழுங்கைத் தொடாமலே சமயம் பரப்பலாம் என்று எண்ணினார். லைப்சிக் லுத்தரன் மிஷனாரும், சாதியைக் கட்டாயத்தால் அல்ல, காலத்தால் கரைக்கலாம் என்றே நின்றனர். அச்சமும் பொய்த்துவிடவில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபையிலே சாதி வேற்றுமை உடனே, உறுதியாக, இறுதியாக ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினர். கிறித்தவத் தமிழுக்கு அணிசெய்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே இவ்வகை மாற்றத்தை எதிர்த்து எழுதினார். பாட்டிலே வான் அளந்த புலமை, பந்தியிலே ஓர் அங்குலம் நகர மறுத்தது!

ஆயினும், 'காலம் கரைக்கும்' என்ற வாதத்தைக் காலத்தைக் கொண்டே அளந்து பார்ப்போம். 1706க்கும் 1833க்கும் இடையே 127 ஆண்டுகள். நான்கைந்து தலைமுறைகள். ஒரு தலைமுறைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனை ஞாயிறும் பிரசங்கம். அத்தனையும் கேட்ட பிறகும், 'சேர்ந்து உட்கார்' என்றவுடன் எழுந்து வெளியேறினார்கள் என்றால், அந்தப் பிரசங்கம் அவர்களைத் திருத்திக்கொண்டிருந்ததா? இல்லை, திருந்தாமலே நல்லவராய் இருக்கலாம் என்ற துணிவைத் தந்துகொண்டிருந்ததா? செயலைக் கோராத சொல், செயலுக்கு ஆயத்தம் செய்வதில்லை. செயலுக்குப் பதிலாகவே அமைந்துவிடுகிறது. கேட்டாயிற்று, உருகியாயிற்று, கண்ணீர் விட்டாயிற்று. இனிச் செய்ய என்ன இருக்கிறது என்ற நிறைவைக் கொடுத்துவிடுகிறது. பசித்தவனுக்குச் சோற்றைப் பற்றிப் பாடுவது போன்றதன்று இது. பசிக்கச் செய்தவனுக்குச் சோற்றைப் பற்றிப் பாடி, அவனைத் தூங்கவைப்பது போன்றது.

பிறகு சிலர் விழித்துக்கொண்டனர். 1847இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன், சாதி பாராமல் உடனுண்ணச் சம்மதிப்பதைத் தன் ஊழியருக்கே சோதனையாக வைத்தது, பலர் விலகினர், மிஷன் வளைந்து கொடுக்கவில்லை. 1850இல் சென்னையிலே கூடிய மிஷனரி மாநாடும் அதே வழியிலே தீர்மானம் செய்தது. அந்தக் காற்றிலே பிறந்ததுதான் ஆரணியைத் தன் நிலையமாகக் கொண்ட ஆர்க்காட் மிஷனும். சாதியைக் கைவிடுவதைச் சபையிலே சேர்வதற்கு நிபந்தனையாக அதுவும் கொண்டது. அதாவது, பிரசங்கத்தின் கடைசி வாக்கியம் வாயால் அல்ல, வாழை இலையிலே எழுதப்பட வேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். உடனுண்ணக் கட்டாயப்படுத்துவதும் ஒருவகைக் கொடுமை அல்லவா? மனச்சான்றின் உரிமை என்னாவது? பகுத்தறிவாளர் நாம், கட்டாயத்தை வெறுப்போர் நாம், இதற்கு விடை சொல்லியாக வேண்டும். விடை இது: ஒருவன் எதை நம்பவேண்டும் என்று கட்டளையிடுவது கொடுமை. அவன் தன் வீட்டிலே எதை உண்ணவேண்டும் என்று கட்டளையிடுவதும் கொடுமையே. ஆனால் 'எல்லோரும் சமம்' என்ற அறிவிப்பின் கீழே அமர்ந்துகொண்டு, பக்கத்திலிருப்பவனைத் தள்ளி உட்காரச் சொல்லும் உரிமை எவனுக்கும் இல்லை. அது மனச்சான்றின் உரிமையன்று. அடுத்தவன் மானத்தின்மீது கோரப்படும் உரிமை. அவனைச் சபைக்கு இழுத்து வந்து உட்காரவைத்தவர் யாருமில்லை. வந்தவன் பலகையிலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அதே நேரத்தில், உடனுண்ணச் சொன்ன அந்த வெள்ளையர்களும் வினாவுக்கு விலக்கானவர்கள் அல்லர். தமிழனைத் தமிழனோடு உட்கார் என்றவர்கள், தாங்கள் தனி பங்களாவிலே வாழ்ந்தனர். தமிழ்ப் போதகருக்கு ஓர் ஊதியம், தமக்கு ஓர் ஊதியம் என்று வைத்திருந்தனர். அதுவும் கண்ணுக்கு நடந்த பிரசங்கமே! கண்டவர்கள் கண்டுகொள்ளாமலா இருந்திருப்பர்?

கதை அங்கே முடிந்துவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு வருவோம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே 1872இல் எழுந்த கோயில், கால்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டாகப் பிரிந்து கட்டப்பட்டது. ஒரு கிளையிலே ஒரு சாரார், மறு கிளையிலே மற்றவர். நடுவிலே நிற்கும் பலிபீடம் மட்டும் பொது! கல்லிலேயே எழுதப்பட்ட பிரசங்கம் அது. 1910இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது, எங்கள் உரிமை பறிபோயிற்று என்று சாதிக் கிறித்தவர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தனியிடம் கேட்கச் சட்டப்படி உரிமையில்லை என்று முடிந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டு ஓடிற்று. 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரிலே, ஒரே மதத்தவரிடையே, ஒரே திருச்சபையினரிடையே சாதிப்பூசல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டிலே இருவர் மாண்டனர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே பிணங்களுக்கிடையே எழுந்த சுவரை இடிக்க வேண்டும் என்று போராட்டம் நடந்ததும் இந்த நூற்றாண்டிலேதான். பிரசங்கம் கேட்க முடியாத பிணத்துக்கும் சாதி!

இதிலே ஒரு வேதனையான விளையாட்டும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்திலிருப்போர்க்கே பட்டியல் சாதி உரிமை என்றது. 1956இல் சீக்கியர்க்கும், 1990இல் பவுத்தர்க்கும் அது விரிந்தது. கிறித்தவரான ஆதிதிராவிடர்க்கு விரியவில்லை. ஏன்? கிறித்தவத்திலே சாதியில்லை என்பது வாதம். அதாவது, அரசு, காதுக்குச் சொல்லப்பட்ட பிரசங்கத்தை நம்பிற்று. கண்ணுக்கு நடந்த பிரசங்கத்தைக் காண மறுத்தது! சபை, கண்முன்னே பிரித்து உட்காரவைத்தது. சட்டம், காதிலே விழுந்ததைக் கொண்டு கைவிட்டது. இருபுறமும் இழந்தவன் யார்? அந்த இராசநாயக்கனின் வழிவந்தவன்தான். அவனுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. செய்யப்படாத பிரசங்கம் வெறும் வீண்பேச்சாக நின்றுவிடுவதில்லை. ஏழையின் உரிமைச் சீட்டையும் கிழித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால், சபைக்குள்ளேயே இதை உணர்ந்தோர் இல்லாமலில்லை. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலே ஆசிரியராயிருந்து 2005இல் மறைந்த ஜேம்சு தியோபிலசு அப்பாவு — 'பறட்டை' என்று பாட்டுலகம் அறிந்தவர் — சேரி மக்களின் பேச்சுத் தமிழை வழிபாட்டு மொழியாக்கினார். ஒதுக்கப்பட்ட பறையை ஆலயத்துக்குள்ளே ஒலிக்கவைத்தார். ஒரே உலையிலே பொங்கிப் பகிர்ந்துண்பதே திருவிருந்தின் பொருள் என்று வற்புறுத்தினார். பறை ஒலிக்கும்போது காதுக்கான பிரசங்கமும் கண்ணுக்கான பிரசங்கமும் ஒன்றாகிவிடுகின்றன. பெண் பேசலாமா, பீடமேறலாமா என்று காலமெல்லாம் கேட்டுவந்த சபையிலே, 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபை 2013இல் புட்ப லலிதா என்ற பெண்மணியை நந்தியால் மறைமாவட்டத்தின் பேராயராக்கிற்று. ஆணும் பெண்ணும் நிகர் என்று ஆயிரம் பிரசங்கம் செய்வதைவிட, அந்த இருக்கையிலே அவர் அமர்ந்தது பெரிய பிரசங்கம். நாம் நம்பாத நெறியிலே நடந்தாலும் நல்லது நல்லதுதான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். இதுவரை படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, அவர்கள் நிலையை!' என்று கைகொட்டிச் சிரிக்க யாரேனும் முனைந்தால், அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் மேடையிலும் முழக்கம் உண்டு. சாதி ஒழிக என்று கூடி முழங்குகிறோம், கை தட்டுகிறோம், கூட்டம் கலைந்து வீடு திரும்புகிறோம். வீட்டிலே தங்கைக்கு மணமகன் தேடும் கடிதத்திலே முதல் வரி என்ன? பேச்சாளர் ஊருக்கு வந்தால் விருந்து யார் வீட்டிலே? சேரித் தோழன் மேடைக்குப் பந்தல் போடுகிறான், கொடி கட்டுகிறான். மேடையிலே நாற்காலி போடப்படும்போது அவனுக்கு ஒன்று இருக்கிறதா? தேநீர்க் கடையிலே தனிக்குவளை வைத்த ஊரிலே பேசிவிட்டு, அதே கடையிலே தேநீர் அருந்தித் திரும்பியதில்லையா? நம் பெண்கள் கூட்டத்துக்கு வந்தால் எங்கே உட்காருகிறார்கள்? பேசும் பட்டியலிலா, கேட்கும் வரிசையிலா? இந்தக் கேள்விகளுக்கு நாணாமல் விடைசொல்ல முடிந்தவர் முதற்கல்லை எடுக்கலாம்.

எளிய கேள்வி ஒன்றை அளவுகோலாகக் கொள்வோம். இந்தப் பேச்சு, பேசுகிறவனிடமிருந்து எதை வாங்குகிறது? கேட்கிறவனிடமிருந்து எதை வாங்குகிறது? எதையும் வாங்காத பேச்சு, எவ்வளவு இனித்தாலும், அது பொழுதுபோக்கு. உறவினரின் முகச்சுளிப்பை, ஊராரின் ஏச்சை, பழகிய வசதியை விலையாகக் கேட்கும் பேச்சே அறப்பேச்சு. சாதிக்காரர் எழுந்து போய்விடுவார்களே என்று அஞ்சி இராசநாயக்கன் கையைக் கட்டியவர்கள், கூட்டத்தைக் காப்பாற்றினார்கள், கொள்கையைக் காப்பாற்றவில்லை. கூட்டம் குறையுமே என்று அஞ்சி நாம் எதைச் சொல்லாமல் விடுகிறோம், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதை ஒவ்வொரு மன்றமும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

வள்ளுவர் சொல்வன்மையை ஓர் அதிகாரமாக வைத்தார். எண்ணியதை முடிக்கும் உறுதியை, வினைத்திட்பத்தை, வேறோர் அதிகாரமாக வைத்தார். ஒன்று 65ஆவது, மற்றொன்று 67ஆவது. இடையிலே நிற்கும் 66ஆவது எது? வினைத்தூய்மை! சொல்லிலிருந்து செயலுக்குப் போகும் பாதையிலே, தூய்மையைக் கடக்காமல் போகமுடியாது என்பதுபோல அந்த வரிசை நமக்குத் தோன்றுகிறது.

ஆரணிக்கே திரும்புவோம். திங்கட்கிழமை காலை. குழித்தறியிலே ஒரு நெசவாளி அமர்கிறார். எதிரிலே நீளமாகப் பாவு விரிந்திருக்கிறது, பளபளக்கிறது, பார்க்க அழகாயிருக்கிறது. ஆனால் அது இன்னும் புடவையன்று. ஆயிரம் இழை நீண்டு கிடந்தாலும், குறுக்கே ஊடை பாயாவிட்டால், அதை யாரும் உடுத்த முடியாது. ஒரு குழந்தையின் உடலைக்கூட அது மூடாது. ஞாயிற்றுக்கிழமை விரித்தது பாவு. திங்கட்கிழமை கை ஓட்டுவது ஊடை.

பிரசங்கிக்கும் இது பொருந்தும். நமக்கும் இது பொருந்தும். நாம் பாவு விரித்துப் பல காலம் ஆயிற்று. நாடாவைக் கையிலே எடுத்தோமா?